பிளேடு மழுங்கினால் மின்சார பில் ஏறும், கையும் போகும்: பிளாஸ்டிக் அரவை இயந்திரத்தை எப்படிப் பராமரிப்பது?

சேலத்துக்கு மேற்கே, கஞ்சமலையை ஒட்டி இருக்கும் இளம்பிள்ளை என்றாலே சேலைதான் ஞாபகத்துக்கு வரும். விசைத்தறிச் சத்தம் கேட்காத தெரு அங்கே குறைவு. ஒரு சேலை தறியில் இருந்து இறங்கி, ஆன்லைனில் ஆர்டர் போட்டவர் கைக்குப் போய்ச் சேருவதற்குள் எத்தனை பிளாஸ்டிக்கைத் தாண்டுகிறது என்று பாருங்கள். நூல் சுற்றி வரும் கோன், நூல் மூட்டையின் உள்உறை, மடித்த சேலைக்கு ஒரு கவர், கூரியருக்கு அதன்மேல் இன்னொரு கவர்.

இதெல்லாம் கடைசியில் எங்கே போகிறது? ஒரு பகுதி குப்பைக்கு. இன்னொரு பகுதி பழைய இரும்புக் கடை வழியாகவோ, பேரூராட்சிகளின் வளம் மீட்புப் பூங்கா வழியாகவோ தரம் பிரிக்கப்பட்டு, ஒரு அரவை இயந்திரத்தின் வாய்க்குப் போகிறது. மறுசுழற்சி என்று நாம் சொல்வது அங்கேதான் நிஜமாக ஆரம்பிக்கிறது. அந்த இயந்திரத்தில் வேலை செய்வது நாலைந்து இரும்புப் பட்டைகள். அவை கூர்மையாக இருந்தால் பிளாஸ்டிக் மறுபடி பொருளாகும். மழுங்கிப்போனால் தூளாகும், கரண்ட் பில்லாகும், சில நேரம் ஒருத்தர் விரலாகவும் ஆகும்.

இந்த இயந்திரம் என்ன செய்கிறது?

தொழிலில் இதை 'ஸ்கிராப் கிரைண்டர்' என்பார்கள். சிலர் 'கட்டர்' என்பார்கள். இயந்திரம் விற்பவர்களின் பட்டியலில் பெயர் 'கிரானுலேட்டர்'. பெயரில் கிரைண்டர் இருந்தாலும் மாவு மில் மாதிரி இது அரைப்பதில்லை, வெட்டுகிறது.

உள்ளே ஒரு கனமான உருளை சுற்றும். அதுதான் ரோட்டார். அதன்மேல் பொதுவாக 3 பிளேடுகள் (பெரிய இயந்திரத்தில் 5 அல்லது அதற்கு மேல்) போல்ட் போட்டு மாட்டியிருக்கும். இயந்திரத்தின் உடம்போடு சேர்ந்து, அசையாமல் 2 பிளேடுகள் இருக்கும். சுற்றும் பிளேடு அசையாத பிளேடைத் தாண்டும்போது நடுவில் மாட்டும் பிளாஸ்டிக் கத்தரிக்கோலில் மாட்டிய துணி மாதிரி துண்டாகும். கீழே ஒரு சல்லடை. அதன் ஓட்டையில் நுழையும் அளவுக்குச் சின்னதாகும் வரை துண்டுகள் திரும்பத் திரும்ப வெட்டுப்படும். 8 மி.மீ., 10 மி.மீ. ஓட்டைகள் சாதாரணமாகப் பயன்பாட்டில் உள்ளவை.

'ஷ்ரெடர்' என்பது வேறு. அது நிதானமாகச் சுற்றி, பெரிய டிரம், நாற்காலி போன்றவற்றைக் கிழித்துப் போடும். கிரானுலேட்டர் வேகமாகச் சுற்றும். நிமிடத்துக்கு 400 முதல் 600 சுற்று என்பது வழக்கமான வேகம்.

ஒரு நாளைக்கு 14 லட்சம் வெட்டு

ஒரு சின்னக் கணக்கு. ரோட்டாரில் 3 பிளேடு, உடம்பில் 2 பிளேடு, நிமிடத்துக்கு 500 சுற்று. ஒரு சுற்றுக்கு 6 வெட்டு. நிமிடத்துக்கு 3,000. எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு 14,40,000 வெட்டு.

இந்தக் கணக்கிலேயே இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. சுற்றும் பிளேடு ஒவ்வொன்றும் அந்த ஷிஃப்டில் 4,80,000 தடவை வெட்டுகிறது. அசையாத பிளேடு ஒவ்வொன்றும் 7,20,000 தடவை. ஆக, கண்ணுக்குச் சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தெரியும் பிளேடுதான் ஒன்றரை மடங்கு அதிகமாக உழைக்கிறது. பல கூடங்களில் ரோட்டார் பிளேடை மட்டும் கழற்றிச் சாணை பிடித்துவிட்டு, இதைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் கூராக இருக்கும் கத்தரிக்கோல் என்ன வெட்டும்?

பிளாஸ்டிக் மெத்தென்று இருக்கும் பொருள்தானே, அது எப்படி இரும்பைத் தேய்க்கும் என்று தோன்றலாம். தேய்ப்பது அதில் ஒட்டியிருக்கும் மண். வயலில் கிடந்த ஷீட், தெருவில் பொறுக்கிய கவர் எல்லாவற்றிலும் மணல் இருக்கும். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் சாதாரண இரும்பைவிடக் கடினமானது. கண்ணாடி இழை கலந்த நைலான் பாகங்களும் இதே வேலையைச் செய்யும். கழுவாமல் அரைக்கும் ஒவ்வொரு மூட்டையும் பிளேடின் ஆயுளில் கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் போகிறது.

மழுங்கியது எப்படித் தெரியும்?

பிளேடு உடைகிற வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதற்கு முன்பே இயந்திரம் சொல்லிவிடும்.

- கீழே விழும் சில்லில் தூள் அதிகமாகும். ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்தாலே தெரியும். நல்ல வெட்டில் விளிம்பு சுத்தமாக இருக்கும். மழுங்கிய பிளேடில் விளிம்பு பிய்ந்து, நார் நாராக, வாலோடு இருக்கும்.
- சில்லு சூடாக வரும். வெட்ட வேண்டியதைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.
- அதே சரக்கு, அதே வேகத்தில் போட்டாலும் ஆம்ப் மீட்டர் முள் வழக்கத்தைவிட மேலே நிற்கும்.
- சத்தம் மாறும். 'டக் டக்' என்று வெட்டுகிற ஓசை போய் 'கரகர' என்று இழுக்கிற ஓசை வரும்.
- மெல்லிய கவர் வெட்டுப்படாமல் ரோட்டாரில் சுற்றிக்கொள்ளும். சல்லடை ஓட்டை அடைக்கும்.

இதில் ஏதாவது இரண்டு ஒன்றாகத் தெரிந்தாலே பிளேடைக் கழற்றிப் பார்க்கும் நேரம் வந்தாச்சு. 'மாதம் ஒரு தடவை' என்று கண்ணை மூடிக்கொண்டு விதி வைப்பது சரிவராது. சுத்தமான கோனை அரைப்பவருக்கு ஒரு கணக்கு, மண் ஒட்டிய கவரை அரைப்பவருக்கு வேறு கணக்கு. எத்தனை கிலோ அரைத்த பிறகு தூள் கூடுகிறது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தால், மூன்று தடவையிலேயே அந்தக் கூடத்துக்கான சரியான இடைவெளி பிடிபட்டுவிடும்.

பணம் எங்கே போகிறது?

20 எச்.பி. மோட்டார் என்றால் ஏறக்குறைய 15 கிலோவாட். முழுச் சுமையில் 8 மணி நேரம் ஓடினால் 120 யூனிட். பிளேடு மழுங்கி, அதே சரக்கை முடிக்க 10 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 150 யூனிட். தினமும் 30 யூனிட் என்றால், 25 வேலை நாளுக்கு 750 யூனிட். இது உதாரணக் கணக்குதான். ஆனால் எந்தக் கூடமும் தன்னுடைய மீட்டரை வைத்து இதைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். கூலி நேரம் இதில் சேரவில்லை.

விற்பனையிலும் அடி விழும். அரைத்த சில்லை வாங்குகிறவர் அதை உருக்கிக் குருணையாக இழுப்பார். தூள் கலந்திருந்தால், சில்லு உருகுவதற்கு முன்பே தூள் உருகிக் கருகும். பொருளில் கரும்புள்ளி விழும். அதனால் வாங்குபவர் சலித்துப் பார்த்து விலையைக் குறைப்பார், இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்.

சாணை பிடிக்கிறதில் எங்கே தப்பு நடக்கிறது?

நல்ல பிளேடுகள் பெரும்பாலும் 'டி2' வகை எஃகில் செய்யப்படுகின்றன. பட்டறைகளில் எச்.சி.எச்.சி.ஆர். என்று கேட்டால் தருவது இந்தக் குடும்பத்து எஃகைத்தான். டி2-வில் கார்பன் சுமார் 1.5 சதவீதம், குரோமியம் சுமார் 12 சதவீதம். சூடாக்கிப் பதப்படுத்திய பிறகு, ராக்வெல் சி அளவில் 56 முதல் 60 வரை கடினம் வரும். இந்தக் கடினம் சூட்டால் வந்தது. அதனால் தப்பான சூட்டால் போகவும் செய்யும்.

கையில் பிடிக்கிற ஆங்கிள் கிரைண்டரை வைத்து 'சர்ர்' என்று ஒரு இழு இழுத்தால் பிளேடு உடனே பளபளப்பாகிவிடும். விளிம்பில் நீலம் பாய்ந்திருந்தால் அங்கே பதம் கெட்டாச்சு. அந்த இடம் சீக்கிரம் மழுங்கும், அல்லது கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டு ஓட்டத்தில் உடையும். மேலும், கையால் பிடித்துத் தேய்க்கிற விளிம்பு ஒருபோதும் நேராக வராது.

சரியான வழி, லேத் பட்டறைகளில் இருக்கும் சர்ஃபேஸ் கிரைண்டரில் கொடுத்து, கூலன்ட் தண்ணீர் தாராளமாக ஓட, ஒவ்வொரு தடவையும் மிகக் கொஞ்சமாக எடுப்பது. கொடுக்கும்போது மூன்று விஷயத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

முதலாவது, கோணம். தயாரிப்பாளர் கொடுத்த கோணத்தை மாற்றக் கூடாது. ரொம்பக் கூராக்கினால் நன்றாக வெட்டும், ஆனால் ஒரு சின்ன ஆணி மாட்டினாலும் விளிம்பு சில்லுச் சில்லாகத் தெறிக்கும்.

இரண்டாவது, எல்லாவற்றையும் ஒரே செட்டாகப் பிடிப்பது. மூன்றில் ஒன்று மட்டும் மோசமாக இருந்தாலும், மூன்றிலும் ஒரே அளவு எடுக்க வேண்டும். எடுத்த பிறகு தராசில் வைத்து எடையைப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 500 சுற்று சுற்றும் ரோட்டாரில் ஒரு பக்கம் எடை கூடினால் இயந்திரம் அதிரும். முதலில் பேரிங் போகும், அடுத்து ஷாஃப்ட் போகும்.

மூன்றாவது, எப்போது நிறுத்துவது என்பது. ஒவ்வொரு சாணையிலும் பிளேடின் அகலம் குறைகிறது. தயாரிப்பாளர் ஒரு குறைந்தபட்ச அகலம் சொல்லியிருப்பார். அதற்குக் கீழே போனால் போல்ட் பிடிப்பதற்கு இடம் போதாது. 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று ஓட்டுகிற பிளேடுதான் பிய்த்துக்கொண்டு பறக்கிறது.

இரண்டு பேப்பர் தடிமன் இடைவெளி

சுற்றும் பிளேடுக்கும் அசையாத பிளேடுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும்? மெல்லிய கவருக்கு 0.1 முதல் 0.2 மி.மீ., கெட்டியான பொருளுக்கு 0.3 மி.மீ. பக்கம் என்பது பொதுவான அளவு. இயந்திரத்தின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுதான் சரி. ஆபீஸ் பிரிண்டரில் போடும் ஒரு ஏ4 பேப்பரின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. ஆக, பேசிக்கொண்டிருப்பது ஒன்றிரண்டு பேப்பர் தடிமன் பற்றி.

இவ்வளவு நுணுக்கம் எதுக்கு? ஒரு மெல்லிய கவரின் தடிமன் 50 மைக்ரான், அதாவது 0.05 மி.மீ. இடைவெளி 0.5 மி.மீ. ஆகிவிட்டால், அந்தக் கவரைப் பத்தாக மடித்தால்தான் இடைவெளி நிறையும். ஒற்றைக் கவர் வெட்டுப்படாமல் மடங்கி நழுவிவிடும். ஆணி லூஸான கத்தரிக்கோலில் துணி மடங்கி மாட்டிக்கொள்வதும் இதே கதைதான். அதற்காக இடைவெளியே இல்லாமல் நெருக்கினால், ஓடும்போது சூட்டில் உலோகம் விரிந்து பிளேடும் பிளேடும் மோதிக்கொள்ளும்.

மாட்டும் முறை இப்படி: பிளேடு உட்காரும் இடத்தைத் துடைத்துச் சுத்தமாக்க வேண்டும். ஒரே ஒரு பிளாஸ்டிக் சில்லு அடியில் மாட்டியிருந்தாலும் பிளேடு சாய்ந்து உட்காரும், இறுக்கும்போதே விரிசல் விடும். அளவுக்குத் தகுந்த ஃபீலர் கேஜ் தகட்டை நடுவில் விட்டு, ரோட்டாரைக் கையால் மெதுவாகச் சுற்றி, ஒவ்வொரு பிளேடுக்கும் இடது, நடு, வலது என மூன்று இடத்திலும் பார்க்க வேண்டும். போல்ட் என்பது கிடைத்ததைப் போடுவது கிடையாது. தயாரிப்பாளர் சொன்ன தரத்து ஹை டென்சைல் போல்ட், டார்க் ரெஞ்சில் சொன்ன அளவு இறுக்கம். மரை தேய்ந்த போல்ட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். சில மணி நேரம் ஓட்டிய பிறகு நிறுத்தி, இன்னொரு தடவை இறுக்கம் பார்ப்பது நல்லது.

சல்லடையை மறந்துவிட வேண்டாம். ஓட்டையின் ஓரம் தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் சில்லு கீழே இறங்காமல் உள்ளேயே சுற்றும், தூளாகும். வடிவம் அனுமதித்தால் சல்லடையைத் திருப்பிப் போட்டு மறுபக்க விளிம்பைப் பயன்படுத்தலாம். விரிசல் விட்ட சல்லடையை வெல்டிங் வைத்து ஓட்டினால், அது பிளேடில் மாட்டும் நாள் ஒன்று வரும்.

கை போகும் இடம்

இந்த இயந்திரத்தில் விபத்து பெரும்பாலும் இரண்டு நேரத்தில் நடக்கிறது. ஒன்று, அடைத்துக்கொண்டதை எடுக்கக் கை விடும்போது. இன்னொன்று, பிளேடு மாற்றும்போது. இரண்டுக்குமே பிளேடு மழுங்குவதோடு தொடர்பு உண்டு. மழுங்கினால் அடிக்கடி அடைக்கும். அடிக்கடி அடைத்தால் அடிக்கடி கை உள்ளே போகும்.

சுவிட்சை அணைத்தவுடன் ரோட்டார் நின்றுவிடாது. கனமான ஃப்ளைவீல் அதைக் கொஞ்ச நேரம் சுற்றவைத்துக்கொண்டே இருக்கும். மோட்டார் சத்தம் அடங்கியதை வைத்து 'நின்னுடுச்சு' என்று நினைப்பதுதான் முதல் ஆபத்து. முழுசாக நின்ற பிறகும் ஆபத்து தீரவில்லை. ஒரு பிளேடைக் கழற்றியதும் ரோட்டாரின் எடை ஒரு பக்கம் சாயும், அது தானாகவே உருளும். மின்சாரமே இல்லாமல் விரல் நறுக்கும்.

அதனால் வரிசை இதுதான்: மெயினை அணைப்பது, அதைப் பூட்டுவது, சாவியை வேலை செய்கிறவரே தன் பையில் வைத்துக்கொள்வது, 'வேலை நடக்கிறது' என்று அட்டை மாட்டுவது, ரோட்டார் நிற்கும் வரை காத்திருப்பது, மரக்கட்டை வைத்து ரோட்டாரை அசையாமல் பிடிக்கவைப்பது, வெட்டுத் தாங்கும் கையுறை போடுவது. அதற்குப் பிறகுதான் ஸ்பேனர். மூடியைத் திறந்தால் மோட்டார் ஓடாதபடி இருக்கும் லிமிட் சுவிட்சை ஒயர் போட்டு ஏமாற்றும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பத்து நொடி மிச்சம் பிடிக்க, கையைப் பணயம் வைக்கிற வேலை அது.

இயந்திரம் ஓடும்போது கையுறைக்கு வேறு சட்டம். தொங்குகிற கையுறை, சேலை முந்தானை, துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை எதுவும் ஹாப்பர் வாய் பக்கம் போகக் கூடாது. பெண்கள் அதிகம் வேலை செய்யும் கூடங்களில் மேல்கோட்டு கொடுப்பது அவசியம். பெல்ட்டுக்குத் தடுப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்குக் காதடைப்பான் எல்லாம் கட்டாயம்.

1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-வது பிரிவே, ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குத் தடுப்பு போட வேண்டும் என்றது. ஆனால் அந்தச் சட்டம், மின்சாரத்தில் இயங்கும் இடமாக இருந்தால் 10 பேராவது வேலை செய்ய வேண்டும் என்று வரையறை வைத்தது. மூன்று பேர், நாலு பேர் வேலை செய்யும் கொட்டகைகள் அந்த எண்ணிக்கைக்கு வெளியே நின்றன. எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று பிளேடு பார்ப்பதில்லை.

இப்போது ஏன் இது முக்கியம்?

அரைத்த பிளாஸ்டிக்குக்குத் தேவை ஏறிக்கொண்டிருக்கிறது. 2016-ம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் 2022 பிப்ரவரியில் கொண்டுவந்த திருத்தம், பிளாஸ்டிக் பேக்கேஜிங் பயன்படுத்தும் நிறுவனங்களுக்கு இலக்கு வைத்தது. கெட்டியான பிளாஸ்டிக் பேக்கேஜிங்கில் 2025-26-ல் 30 சதவீதம் மறுசுழற்சி செய்த பிளாஸ்டிக் இருக்க வேண்டும், 2028-29-ல் அது 60 சதவீதம் ஆக வேண்டும் என்பது அதில் ஒன்று. இந்தச் சரக்கு தரமாக வர வேண்டுமானால், அரவையில் இருந்தே தரம் வேண்டும்.

சாலைக்கும் இதே கதை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய பிளாஸ்டிக் சாலை முறைக்காக அவருக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த முறையில், துண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின்மேல் தூவி, அது உருகிக் கல்லைப் பூசிய பிறகு தார் கலக்கிறார்கள். துண்டுகள் 2, 3 மி.மீ. அளவில் இருந்தால்தான் சீராகப் பூசும். நார் நாராக வந்தால் கட்டி கட்டியாக ஒட்டும். கிராமப்புறத் தூய்மை பாரதம் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், ஒரு ஒன்றியத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை அலகு அமைக்க 16 லட்சம் ரூபாய் வரை ஒதுக்க வழி செய்யப்பட்டது. இயந்திரம் வாங்கப் பணம் வந்துவிடும். சாணைக்கும், மாற்று பிளேடு செட்டுக்கும், ஆளுக்குப் பயிற்சிக்கும் ஆண்டுதோறும் யார் கொடுப்பது என்பதை முதலிலேயே எழுதி வைக்காவிட்டால், இயந்திரம் மூலையில் துருப்பிடிக்கும்.

தூள் விஷயத்தில் சுற்றுச்சூழல் கணக்கும் இருக்கிறது. பிரிட்டனில் ஒரு மறுசுழற்சி ஆலையின் கழுவும் தண்ணீரை ஆராய்ந்து 2023-ல் வெளியான ஆய்வு, ஆலைக்குள் வரும் பிளாஸ்டிக்கில் 6 முதல் 13 சதவீதம் வரை நுண்பிளாஸ்டிக்காக வெளியேற வாய்ப்புண்டு என்று மதிப்பிட்டது. குறைந்த அளவு, வடிகட்டி வைத்த பிறகு வந்தது. வடிகட்டி இல்லாத கொட்டகையில் தூள் நேராகச் சாக்கடைக்கும், அங்கிருந்து ஓடைக்கும் போகும். கூரான பிளேடு, பக்கத்திலேயே ஒரு தூசிப் பை, கழுவும் தண்ணீருக்கு ஒரு வடிகட்டித் தொட்டி என்று மூன்றும் இருந்தால் பாதிப்பு பெரிதாகக் குறையும்.

வீட்டில் இருந்தே பிளேடைக் காப்பாற்றலாம்

கூரியர் கவரைக் குப்பையில் போடுவதற்கு முன் ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கிவிடுங்கள். பழைய பேனாவில் இருக்கும் ஸ்பிரிங், ஷாம்பு பம்புக்குள் இருக்கும் கம்பி, பொம்மையில் இருக்கும் ஸ்க்ரூ எல்லாமே பிளேடு விளிம்பைத் தெறிக்கவைக்கும். கூடத்தில் ஹாப்பருக்கு முன்னால் காந்தம் வைத்திருந்தாலும், பித்தளையையும் அலுமினியத்தையும் காந்தம் பிடிக்காது. எண்ணெய்க் கவரை ஒரு தடவை அலசிப் போட்டால், அதில் மண் ஒட்டாது. பி.வி.சி. பைப் துண்டைக் கவரோடு சேர்க்காதீர்கள். சூட்டில் அது விடும் அமிலப் புகை, இயந்திரத்தையும் அரிக்கும், பக்கத்தில் நிற்கிறவர் நுரையீரலையும் அரிக்கும்.

கூடம் நடத்துகிறவர்களுக்கு ஒரு பக்கப் பட்டியல்

- தினமும்: சில்லில் தூள் பார்ப்பது, ஆம்ப் குறிப்பது, காந்தத்தைத் துடைப்பது, லிமிட் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று சோதிப்பது.
- வாரம் ஒரு தடவை: மெயினைப் பூட்டிவிட்டு போல்ட் இறுக்கம், சல்லடை ஓட்டை, பெல்ட் இழுவிசை பார்ப்பது.
- மாதம் ஒரு தடவை: பிளேடு இடைவெளியை ஃபீலர் கேஜில் அளப்பது, பேரிங்குக்குக் கிரீஸ், சூடு, அதிர்வு பார்ப்பது.
- எப்போதும்: சாணை பிடித்த ஒரு முழு பிளேடு செட் அலமாரியில் தயாராக இருப்பது. மாற்று செட் இல்லாத கூடத்தில்தான் மழுங்கிய பிளேடு 'இன்னைக்கு ஒரு நாள்' என்று ஒரு மாதம் ஓடுகிறது.